மயாமியிலிருந்து சின்ட் மார்ட்டனுக்கு: மாற்று நிலையமாக எதை எழுதுவது?

களுதாவளை மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகின்ற சனிக்கிழமை நமது கணினிப் பறப்புப் பாவனைக் (சிமுலேட்டர்) குழுவின் கூட்டுப் பறப்பாக மயாமியிலிருந்து கரீபியன் தீவான சின்ட் மார்ட்டனின் இளவரசி ஜூலியானா விமான நிலையத்துக்குப் போவதென முடிவாகியிருப்பதால், என்னுடைய எரிபொருள் கணக்கை இங்கே வைத்து உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். விமானம் போயிங் 737-800. நேர்த்தூரம் 1,063 கடல் மைல். வழித்தடங்களின் வளைவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,090 வருகிறது. நம் நேரம் இரவு 7 மணிக்குப் புறப்பட்டால் அங்கே காலை 9.30. இது கோடைகாலம் என்பதால் மயாமியிலும் தீவிலும் கடிகாரம் ஒன்றாகவே ஓடுகிறது. குளிர்காலத்தில் மயாமி ஒரு மணி பின்னால் நிற்கும் என்பதால், போன மார்கழியில் செய்த தாளை வைத்திருப்பவர்கள் அதிலுள்ள நேரத்தை அப்படியே எடுக்க வேண்டாம்.

என் கணக்கு இதுதான். தரையில் ஓடுவதற்கு 200 கிலோ, பயணத்துக்கு 6,600, எதிர்பாராச் செலவுக்கு 5 விழுக்காடாக 330, மாற்று நிலையத்துக்கு (போன இடத்தில் இறங்க முடியாவிட்டால் போகவேண்டிய விமான நிலையம்) 350, இறுதிச் சேமிப்பாக 30 நிமிடத்துக்கு 1,150. மொத்தம் 8,630 கிலோ. மாற்று நிலையமாகப் பக்கத்துத் தீவான அங்குயிலாவை எழுதியிருக்கிறேன். அது பத்துக் கடல் மைல் தூரந்தான். ஜூலியானாவின் ஓடுபாதை 2,300 மீட்டர். கட்டுநாயக்காவின் 3,350 மீட்டரில் இறங்கிப் பழகியவனுக்கு அது குறுகலாகத் தெரிகிறது. ஆகவே எடையைக் குறைத்து, இலகுவாக இறங்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சென்ற ஞாயிறு இதே கணக்கோடு தனியே பறந்து பார்த்தேன். தீவை அடைந்தபோது கடற்கரைக்கு மேலே ஒரு மழைத்திரை தொங்கியது. கீழே அலை தெரிந்தது, முன்னால் ஓடுபாதை தெரியவில்லை. முதன்முறை தூக்கிக்கொண்டு எழுந்தபோது தாங்கிகளில் 1,830 கிலோ இருந்தது. இரண்டாம் முறை 1,230. மூன்றாம் முறை 630. அதன்பிறகுதான் சென் தோமஸ் தீவுக்குத் திரும்பினேன். பாதிக்குச் சற்று அப்பால் இடது இயந்திரம் நின்றது, இரண்டு நிமிடம் கழித்து வலது நின்றது. சென் தோமஸுக்கு நாற்பது மைல் இருக்கும்போது கடலில் இறக்கினேன். உம்மா வீட்டில் விருந்துக்கு வந்திருந்த என் நண்பன் ஒருவன் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான்; இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. கணக்கில் எந்த வரி பிழை என்று சொல்லுங்கள்.

கல்முனைக் காற்று எழுதியது:

தம்பி, முதலில் ஒரு சிறு திருத்தம். அங்குயிலாவின் ஓடுபாதை ஏறத்தாழ 1,660 மீட்டர். 2,300 மீட்டரைக் குறுகல் என்று அஞ்சுகிற நீங்கள், அது கிடைக்காதபோது 1,660 மீட்டருக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மற்றபடி, எரிபொருளைக் குறைவாக எடுத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் எரியும். மேலதிகமாக ஏற்றுகிற ஒவ்வொரு தொன்னிலும் மணிக்கு 3 முதல் 4 விழுக்காடுவரை அதைத் தூக்கிச் செல்வதிலேயே போய்விடும் என்பது விமானச் சேவைகளின் பொதுக்கணக்கு. ஜூலியானாவில் ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிக் கருவி) கிடையாது, ஓடுபாதையின் தொடக்கத்திலேயே மாஹோ கடற்கரையும் வீதியும் இருக்கின்றன, பாரமான விமானத்தைத் தாழ்வாக இழுத்துக்கொண்டு வருவது யாருக்கும் நல்லதல்ல. அன்று நீங்கள் ஒரு மழையில் மாட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். கரீபியன் மழை பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். கொஞ்சம் வட்டமிட்டிருந்தால் இறங்கியிருப்பீர்கள்.

ஆரையம்பதி டிஸ்பாச்சர் எழுதியது:

இருவரும் எழுதியதை வாசித்தேன். கட்டுநாயக்காவில் பல ஆண்டுகள் பறப்புத் திட்டம் தயாரிக்கும் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவன் தம்பி செய்ததை 1970ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி உண்மையான விமானிகள் உண்மையான பயணிகளோடு செய்திருக்கிறார்கள். நியூயோர்க்கிலிருந்து இதே சின்ட் மார்ட்டனுக்கு வந்த ஆன்டிலியன் நிறுவனத்தின் 980ஆம் இலக்கப் பறப்பு அது, விமானம் டி.சி.-9. தீவில் வானிலை இறங்குவதற்கான எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று தெரிந்ததும் அவர்கள் சான் ஜுவான் நோக்கித் திரும்பினார்கள். அது சரியான முடிவு. ஆனால் சற்று நேரத்தில், வானிலை தெளிந்துவிட்டது என்ற செய்தி கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்தது. விமானத்தை மீண்டும் தீவுக்கே திருப்பினார்கள். மூன்று முறை இறங்க முயன்றார்கள், மூன்றும் கைகூடவில்லை. அதற்குப் பிறகு சென் தோமஸுக்குத் திரும்பி, அங்கும் எட்டாது என்று கண்டு சென் குரோய் தீவை நோக்கினார்கள். கரைக்கு முப்பது மைல் அளவில் எரிபொருள் தீர்ந்து விமானம் கடலில் இறங்கியது. அறிவிப்புக் கருவி வேலை செய்யாததால், நீரில் மோதுகிற கணம் பயணிகளுக்கு ஒழுங்காகத் தெரியவில்லை, சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். 63 பேரில் 23 பேர் இறந்தார்கள். மற்ற 40 பேரை ஹெலிகொப்டர்கள் அலையிலிருந்து தூக்கின.

விசாரணை சொன்ன காரணம் மிக எளிமையானது: மாற்று நிலையத்தை அடையப் போதிய எரிபொருள் இல்லாமற்போகும்வரை இறங்கும் முயற்சியைத் தொடர்ந்தது. அந்த விமானிகள் அனுபவமில்லாதவர்கள் அல்லர். ஒவ்வொரு முயற்சியும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே தோன்றியிருக்கும், ஏனெனில் ஓடுபாதை அங்கேதான் இருக்கிறது, ஒருமுறை தெரிந்தும் தெரியாமலும் கண்ணில் படுகிறது, இன்னும் ஒரு சுற்றுப் போதும் என்று மனம் சொல்கிறது. கல்முனைத் தம்பி "கொஞ்சம் வட்டமிட்டிருந்தால்" என்று எழுதியிருப்பதும் அதே சொல்தான். வட்டமிடலாம், தவறில்லை. எந்த எரிபொருளில் வட்டமிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

இனித் தம்பியின் தாளுக்கு வருவோம். பிழை எந்த வரியில் என்று கேட்டீர்கள். மாற்று நிலையத்து வரியில். 350 கிலோ என்று எழுதியதால் தாள் அழகாக நிறைந்துவிட்டது, அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பத்து மைலுக்கு அப்பாலுள்ள தீவில் பெய்வதும் அதே மழைதான். ஓடுபாதையும் போதாது. ஆகவே உங்களிடம் உண்மையில் மாற்று நிலையமே இருக்கவில்லை, அதன் பெயர் மட்டும் இருந்தது.

அமெரிக்க விதிப்படி இத்தகைய வெளிநாட்டுப் பறப்புக்கு, போகும் எரிபொருளோடு, பறக்கும் நேரத்தில் 10 விழுக்காடும், மாற்று நிலையத்துக்கான அளவும், அதற்கு மேலே 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிடும் அளவும் வேண்டும். நீங்கள் எடுத்த 5 விழுக்காடு சர்வதேச விதியில் வருவது, அதிலும் குற்றமில்லை. எட்டுகிற தூரத்தில் வேறு நிலையமே இல்லாத ஈஸ்டர் தீவு போன்ற இடங்களுக்கு மாற்று நிலையத்தைக் கேட்பதில் பொருளில்லை என்பதால், அதற்குப் பதிலாக இரண்டு மணி நேரம் தாங்கும் எரிபொருளோடு அங்கே போய்ச் சேரவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 2013 மார்ச்சில் மத்தள விமான நிலையம் திறக்கப்படும்வரை, கட்டுநாயக்காவுக்கு வருகிற பெரிய விமானத்துக்கு மாற்று நிலையமென்றால் திருவனந்தபுரம், சென்னை, மாலே என்றுதான் எழுதுவோம். திருவனந்தபுரம் ஏறத்தாழ 190 கடல் மைல், சென்னை 350. தீவுக்காரர்கள் ஒவ்வொரு நாளும் கட்டிய வரி இது. கட்டுநாயக்கா மூடிய ஒரு விடியற்காலை, சென்னையை எழுதியிருந்த விமானி எங்கள் மேசைக்கு அழைத்து, "எத்தனை நிமிடத்தில் தெளியும்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அவர் சென்னைக்குத் திரும்ப எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதுதான், அதைச் சொன்னேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அரை மணியில் தெளிந்தது. அவரை யாரும் குறை சொல்லவில்லை.

வாழைச்சேனைத் துறை எழுதியது:

ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முப்பது ஆண்டுக்கு மேல் ஆழ்கடல் போனவர், விமானத்தில் ஏறியதில்லை. எங்கள் பலநாட்படகில் டீசல் பரல்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அவற்றில் இரண்டில் மட்டும் கழுத்தில் சிவப்பு நைலோன் கயிறு கட்டியிருக்கும். மீன் எவ்வளவு பட்டாலும், வலை எவ்வளவு தூரம் இழுபட்டுப் போனாலும், சிவப்புக் கயிற்றுப் பரலைத் திறக்கிற நேரம் படகின் முகம் கரையைப் பார்த்திருக்க வேண்டும். புதிதாக வந்த பையன் ஒருவன் ஒருமுறை தெரியாமல் அதைத் திறந்துவிட்டான். அப்பா அவனை ஏசவில்லை, அந்த இடத்திலேயே வலையை எடுக்கச் சொல்லிப் படகைத் திருப்பிவிட்டார். பாதி ஐஸ் வெறுமையாகவே வந்து சேர்ந்தது.

அவர் கேட்ட கேள்வி ஒன்று: "வாடைக் காலத்தில் எங்கள் முகத்துவாரத்தில் அலை எழும்பினால் உள்ளே வர முடியாது, அப்போது திருகோணமலைக் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவோம். அந்தப் பையன் எந்தக் கொட்பேக்குப் போவான்?" என்றார். கொட்பேக்குப் போகிற டீசலும் அந்தச் சிவப்புக் கயிற்றுக் கணக்கில் சேர்ந்ததுதானாம், வெறுமனே வாழைச்சேனைக்கு வருகிற டீசல் அல்லவாம்.

அக்கரைப்பற்று பௌதிகம் எழுதியது:

கல்முனைத் தம்பி "கரீபியன் மழை பத்து நிமிடத்தில் கலைந்துவிடும்" என்று எழுதியதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வெயில் நேரத்து ஒற்றை மேகம் அப்படித்தான். கீழைக்காற்றோடு வரும் அலைகள் அப்படியல்ல. அவை தொடர்ச்சியாக மழைத்திரைகளை இழுத்துக்கொண்டு மேற்கே நகரும், ஒன்று போக இன்னொன்று வரும். தம்பி மூன்று முறையும் மழையில் அகப்பட்டதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

அந்தப் பிரதேசத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால்தான் ஜூலியானாவில் கடற்கரைப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி இறங்குகிறார்கள், கிழக்கு முகமாகவே எழுந்து, எதிரே நிற்கும் குன்றுகளுக்காக உடனே வலப்புறம் திரும்புகிறார்கள். நம் ஊரில் ஆறு மாதம் வாடை, ஆறு மாதம் கச்சான் என்று காற்று முகம் மாறும். அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே முகந்தான். இதிலிருந்து மாற்று நிலையத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். சின்ட் மார்ட்டனில் இப்போது பெய்கிற மழை பின்னர் சென் தோமஸுக்கும் அதற்குப் பின்னர் சான் ஜுவானுக்கும் போகும். அலை மணிக்கு பதினைந்து கடல் மைல் நகர்ந்தால், 166 மைல் அப்பாலுள்ள சான் ஜுவானை அடையப் பதினொரு மணி நேரம் ஆகும். விமானம் அரைமணியில் போய்விடும். ஆகவே சாதாரண நாளில் மேற்குப் பக்கத்து நிலையம் நல்லது.

சூறாவளி நாளில் அந்தக் கணக்கு உடைந்துவிடும். 2017 செப்டெம்பர் 6ஆம் திகதி இர்மா சூறாவளி ஐந்தாம் வகை வலுவோடு சின்ட் மார்ட்டனைக் கடந்து, அதே நாளில் வேர்ஜின் தீவுகளைத் தாக்கி, அன்றிரவே புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வடக்கே கடந்து போனது. மாற்று நிலையங்கள் அத்தனையும் ஒரே கோட்டில். ஜூன் தொடக்கம் நவம்பர் முடிய அங்கே சூறாவளிக் காலம் என்பதால் சனிக்கிழமை காலை எச்சரிக்கைப் படத்தைப் பார்க்காமல் யாரும் தாளை மூடவேண்டாம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பில் வீசியதை நான் சிறுமியாகப் பார்த்தவள். விடிந்தபோது எங்கள் வளவில் நின்ற தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்ந்து கிடந்தன.

களுதாவளை மாணவன் எழுதியது:

பௌதிக ரீச்சருக்கும் டிஸ்பாச்சர் ஐயாவுக்கும் நன்றி. 980ஆம் பறப்பைப் பற்றி எனக்கு முன்பு தெரியாது. எண்களை மட்டும் மாற்றினால் என் ஞாயிற்றுக்கிழமைதான் அது.

இரண்டு ஐயங்கள். முதலாவது, சான் ஜுவானா அன்டிகுவாவா? வரைபடத்தில் அளந்தபோது அன்டிகுவா 93 மைல் மட்டுமே வருகிறது. சென் குரோய் 99, சென் தோமஸ் 108. இரண்டாவது, இவ்வளவு எரிபொருளோடு இறங்கும்போது எடை கூடிவிடாதா?

கல்முனைக் காற்று எழுதியது:

அன்டிகுவாவுக்கு என் வாக்கு. ரீச்சர் சொன்ன கீழைக்காற்றையே எடுத்துக்கொண்டால், தென்கிழக்கே இருக்கிற தீவைக் கடந்துதானே மழை சின்ட் மார்ட்டனுக்கு வருகிறது? அப்படியென்றால் அங்கே ஏற்கெனவே வெளுத்திருக்கும். ஓடுபாதையும் ஜூலியானாவைவிட நீளம். சான் ஜுவானுக்குச் செலவாகும் எரிபொருளில் பாதிக்குச் சற்று மேல்தான் போகும். விவியன் றிச்சட்ஸ் பிறந்த மண்ணில் இறங்கினோம் என்றும் சொல்லிக்கொள்ளலாம், அதற்காகவே ஒருமுறை திசைமாறலாம்.

ஆரையம்பதி டிஸ்பாச்சர் எழுதியது:

அன்டிகுவாவைப் பற்றிக் கல்முனைத் தம்பி சொன்னது நல்ல வாதம், நான் அந்த மேசையில் இருந்தால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு அதையே எழுதக்கூடிய நாள்களும் உண்டு. என்றாலும் இந்தச் சனிக்கிழமைக்குச் சான் ஜுவானைச் சொல்கிறேன். ஓடுபாதை 3,000 மீட்டருக்கு மேல், ஐ.எல்.எஸ். இருக்கிறது, ஒன்று மூடினால் இன்னொரு ஓடுபாதை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தூரத்து நிலையத்தை எழுதினால் எரிபொருள் தானாகவே கூடும். சான் ஜுவானுக்கான எண்ணெயை வைத்துக்கொண்டு அன்டிகுவாவுக்குப் போகலாம், அன்டிகுவாவுக்கான எண்ணெயோடு சான் ஜுவானுக்குப் போக முடியாது.

எடையைப் பற்றிய அச்சம் தேவையில்லை. வெறும் விமானம் நாற்பத்தொரு தொன் சொச்சம், 160 பயணிகளும் பொதிகளும் 16 தொன் என்று வையுங்கள், மீதமுள்ள எரிபொருள் 4 தொன். 61 தொன்னைச் சற்றுத் தாண்டும். இறங்கக்கூடிய உச்ச எடை 66 தொன் அளவில் இருக்கிறது. இறங்கும் தூரத்தைத்தான் பார்க்கவேண்டும்: காய்ந்த பாதையில் ஓடுபாதையின் 60 விழுக்காட்டுக்குள் நிற்கவேண்டும், ஈரமானால் அந்தத் தேவையை இன்னும் 15 விழுக்காடு கூட்டிப் பார்க்கவேண்டும் என்பது ஜெட் விமானங்களுக்கான திட்டவிதி. உங்கள் விமானத்தின் அட்டவணையில் 61 தொன்னுக்கு நேரே விரலை வைத்துப் பாருங்கள், இடமிருக்கும்.

வழியில் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. நசாவு, டர்க்ஸ் - கைக்கோஸ் தீவுகள், டொமினிக்கன் குடியரசின் வடகரை, சான் ஜுவான் என்று அந்தக் கோடு முழுக்க இரண்டு பக்கமும் நிலையங்கள். இரட்டை இயந்திர விமானம் ஓர் இயந்திரத்தோடு அறுபது நிமிடத்தில் எட்டமுடியாத இடம் அந்த வழியில் இல்லை. நியூயோர்க்கிலிருந்து நேராக வந்தால் அது வேறு கதை.

ஒன்றை மட்டும் தாளின் மேலே பெரிதாக எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். சான் ஜுவானுக்கு 1,400, இறுதிச் சேமிப்பு 1,150, ஆக 2,550. அதுதான் உங்கள் சிவப்புக் கயிறு. எத்தனை முறை இறங்க முயலலாம் என்பதையும் இப்போதே, வீட்டில், தேநீர் குடித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அங்கே போய்த் தீர்மானிக்க வேண்டாம். கோபுரம் "தெளிந்துவிட்டது" என்று சொன்னாலும் திரும்பியவர் திரும்பியவராகவே இருங்கள், மிச்சம் 2,550க்கு மேலே ஒரு முழு முயற்சிக்குப் போதுமானதாக இல்லாவிட்டால்.

களுதாவளை மாணவன் எழுதியது:

திருத்திய தாள்: தரை ஓட்டம் 200, பயணம் 6,600, பத்து விழுக்காட்டு நேரத்துக்கு 650, சான் ஜுவான் 1,400, இறுதிச் சேமிப்பு 1,150, மேலதிகம் 800. மொத்தம் 10,800 கிலோ. எல்லாம் திட்டப்படி போனால் தீவின்மேல் 4,000 கிலோ இருக்கும். அதில் 2,550ஐக் கழித்தால் கையில் 1,450. ஞாயிறு நான் ஒவ்வொரு கோ-அரவுண்டுக்கும் (இறங்காமல் மீண்டும் எழுந்து சுற்றி வருவதற்கு) 600 கிலோ எரித்திருக்கிறேன். ஆகவே இரண்டு முயற்சி, அதற்கு மேல் இல்லை என்று எழுதிவிட்டேன். மயாமியில் காற்றழுத்தத்தை அங்குலத்தில் சொல்வார்கள், தீவில் ஹெக்டோபாஸ்கலில் சொல்வார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். போன வாரம் அதிலும் தடுமாறினேன்.

வாழைச்சேனைத் துறை எழுதியது:

நான் 11,600 எடுக்கிறேன். அப்பா பின்னால் இருந்து பார்ப்பார்.

கல்முனைக் காற்று எழுதியது:

சரி, நானும் 8,630ஐக் கைவிட்டேன். ஆனால் அன்டிகுவாவைத்தான் எழுதுவேன்.

களுதாவளை மாணவன் எழுதியது (ஞாயிறு காலை):

நேற்றைய அறிக்கை. புறப்பாடு 7.08. டர்க்ஸ் - கைக்கோஸுக்கு மேலே திட்டத்தைவிட 60 கிலோ கூடுதலாக இருந்தது. சான் ஜுவான் கட்டுப்பாட்டாளராக அமர்ந்திருந்தவர் இறங்கும் வரிசையில் எனக்கு முன்னே மூன்று விமானங்கள் என்றார். அந்த இடத்திலேயே அறுபதும் கரைந்தது, அதற்கு மேல் இன்னும் கொஞ்சமும் கரைந்தது.

முதல் முயற்சியில், குறைந்தபட்ச உயரத்தில், ஞாயிறு பார்த்த அதே சாம்பல் நிறம். துடைப்பான் இரண்டு முறை போய் வந்தது, ஒன்றும் தெரியவில்லை, எழுந்தேன்: 3,910. இரண்டாம் முயற்சியில் வலப்பக்கம் விடுதிக் கட்டடங்களும் வீதியோரத்து வேலியும் தெரிந்தன. ஓடுபாதை விளக்குகள் தெரிந்ததாக இன்றுவரை நினைக்கிறேன், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன். எழுந்தேன்: 3,310. அப்போது கையில் 760 கிலோ மிச்சம் இருந்தது. மூன்றாவது முயற்சிக்கு 600 போதும் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிட்டது. தாளில் இரண்டு என்று எழுதியிருந்தேன். சான் ஜுவானுக்குத் திரும்பினேன்.

பாதி வழியில் வாழைச்சேனை அண்ணா குரல் பதிவில் வந்து, தெளிந்துவிட்டது, இறங்கிவிட்டேன் என்றார். அவர் என்னைவிட 800 கிலோ கூடுதலாக வைத்து, மழைக்கு வெளியே இருபத்தைந்து நிமிடம் வட்டமிட்டிருக்கிறார். கல்முனைக் காக்காவும் அவருக்குப் பின்னால் இறங்கிவிட்டார். இருவரும் மாஹோ கடற்கரையைப் பின்னணியில் வைத்து எடுத்த படங்களைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். நான் சான் ஜுவானில் ஒரு சரக்கு விமானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

கல்முனைக் காற்று எழுதியது:

தம்பி, உங்கள் எண்களின்படியே மூன்றாவதற்கு இடமிருந்திருக்கிறது. 3,310இல் 600 போனால் 2,710. சிவப்புக் கயிற்றுக்கு மேலே 160 கிலோ. நான் என்றால் போயிருப்பேன், இறங்கியும் இருப்பேன்.

அக்கரைப்பற்று பௌதிகம் எழுதியது:

வரிசையில் முன்னே ஒரு விமானம் தாமதித்தால் அந்த 160 கிலோ நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும், தம்பி.

ஆரையம்பதி டிஸ்பாச்சர் எழுதியது:

மாணவன் தம்பி, சான் ஜுவானில் இயந்திரத்தை நிறுத்தியபோது எவ்வளவு இருந்தது?

களுதாவளை மாணவன் எழுதியது:

1,940 கிலோ, ஐயா.

ஆரையம்பதி டிஸ்பாச்சர் எழுதியது:

சரி. அடுத்த வெள்ளிக்கிழமை கட்டுநாயக்காவிலிருந்து மாலே. தாளைப் புதன்கிழமைக்குள் இங்கே போடுங்கள். கல்முனைத் தம்பியும் போடவேண்டும்.